ஆய்வேட்டில் பெயரில்லாத ஆசிரியர்

மைசூரில் ஒரு கன்னட நாளிதழில் நிருபராக இருந்தபோது, அங்கே விஜயநகர் பகுதியில் கட்டிட வேலை செய்யும் தமிழ்ப் பெண்களைப் பற்றி எழுதினேன். மூன்று குளியலறை வைத்த வீட்டைக் கட்டுகிறார்கள். அவர்கள் ஒதுங்க ஒரு மறைப்புகூட இல்லை. தமிழ்நாட்டு எல்லையோர ஹனூரிலிருந்து வந்த அக்கா ஒருத்தி இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நானும் அந்தப் பக்கத்துக்காரி என்பதால்தான் சொன்னாள்.

மறுநாள் பேப்பரில் அவள் பேச்சு ஒரு வரிகூட இல்லை. எல்லா வசதியும் செய்து கொடுத்திருப்பதாகக் கட்டிட முதலாளி சொன்னது மட்டும் இருந்தது. எங்கள் ஆசிரியரின் கைவரிசை. மேலே என் பெயர்.

அக்காவின் மகள் அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். "உன்னைய நம்பித்தானே கண்ணு சொன்னேன்," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "பேரு வந்திருக்குல்ல, சந்தோஷப்படும்மா," என்றார்.

வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வில் அறிவுத் தாகம் என்று சொன்னது பொய். அந்த ஆளின் மானத்தை வாங்க வேண்டும், அவ்வளவுதான். நிருபர்கள் எழுதிக் கொடுத்ததையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து வருடம் உட்கார்ந்தேன். கடைசியில், ஆய்வில் யார் பெயரும் வரக்கூடாது என்று என் வழிகாட்டிப் பேராசிரியை அந்த ஆசிரியரின் பெயரை அடித்து நீக்கிவிட்டார். நான் எழுதாததற்கு என் பெயர் வந்தது. செய்தவர் வெறும் 'ஆசிரியர் அ'.

இப்போது அதே ஊரில் இதழியல் பாடம் நடத்துகிறேன். போன மாதம் எங்கள் துறை அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தது. வகுப்பு மேசையிலிருந்த என் ஆய்வேட்டைப் புரட்டி, 'ஆசிரியர் அ' பற்றிய இரண்டு பக்கம் படித்தார்.

"யாரும்மா இந்த ஆளு? இவனையெல்லாம் பத்திரிகைப் பக்கமே விடக்கூடாது," என்று கன்னடத்தில் முழங்கினார். மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வழியனுப்பக் கார்வரை போனேன். அவர் உட்கார்ந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு நீங்கதான் சார்," என்றேன்.

அவர் முகம் வெளுத்ததை நிதானமாகப் பார்த்தேன். எனக்குத் துளியும் பாவமாக இல்லை.

"பசங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"இன்னும் சொல்லலை சார்."

ஆய்வு விதிப்படி நான் யாரிடமும் அதைச் சொல்லவே முடியாது. அவருக்கு அது தெரிய வேண்டாம்.