சின்னக்கண்ணு போட்ட கையெழுத்து

ராயப்பன் சார் பொய் சொல்லாதவர் என்று விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் ஒரு பேர். அந்தப் பேரை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும், பழைய ஊர்க்காரர்கள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்து, "ஒங்கள மாதிரி வாத்தியாரு இனிமே வரமாட்டாங்க சார்" என்பார்கள். சாரும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார்.

போன தை மாதம் ஒரு காலையில் சின்னக்கண்ணு வந்தார். காணையில் கரும்பு வெட்டப் போகிறவர்; அவர் மகள் சாரிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள். கையில் ஒரு பை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம்பொண்ணு அன்புச்செல்விக்கு வேலை கெடைச்சும் கெடைக்காம பூட்ச்சி சார்" என்றார்.

அரசுத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளர் பணிக்குத் தேறியிருக்கிறாள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கீடு. அதில்தான் அவளுக்கு இடம். ஆனால் முதல் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததாகப் பள்ளி சான்று தரவேண்டும். பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஆங்கில வழி, மூன்றிலிருந்துதான் தமிழ் வழி என்று இருக்கிறது. சான்று தர முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவள் வழக்குப் போட்டிருக்கிறாள். தீர்ப்பு வரும்வரை ஒரே ஒரு இடத்தை நிரப்பாமல் வைக்கும்படி கோர்ட் சொல்லியிருக்கிறது.

"தப்பு என்னுது சார். நீங்க அன்னிக்கு பாரத்த நீட்டினீங்க, இங்கிலீஷுன்னதும் ஒடனே கையெழுத்து போட்டேன். அந்த ஆசதான் அவ வேலைய கெடுத்துச்சி. ஆனாலும் ரெண்டு வருசம் இங்கிலீஷ்ல படிச்ச பொண்ணு சார் அது. மாத்திரை அட்டையக்கூட கடகடன்னு படிக்கும்."

ராயப்பன் சார், "பாப்போம் சின்னக்கண்ணு" என்று மட்டும் சொன்னார். மல்லாட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசுகிறது.

நடந்தது இதுதான். அன்புச்செல்வி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அந்த வருடம் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். ஆசிரியர் ஒருவர் உபரி என்று கணக்காகி, மேல்மலையனூர்ப் பக்கம் மாற்றலாகிப் போகவேண்டும். உபரி ராயப்பன் சார்தான். ஆங்கில வழிப் பிரிவு ஒன்று இருப்பதாகக் காட்டினால் பணியிடம் தங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பதினைந்து பேரை ஆங்கில வழி என்று பதிவேட்டில் எழுதினார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார். தலைமையாசிரியை கண்டும் காணாமல் இருந்துவிட்டார். பாடமோ எல்லாருக்கும் ஒரே அறையில், ஒரே பாயில், தமிழில்தான். ஆங்கிலப் புத்தகக் கட்டுகள் பீரோவில் பிரிக்காமலே கிடந்தன. நாலு பள்ளிகளில் செய்கிற வேலைதானே, பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். என்ன நஷ்டம் என்பது இப்போது மல்லாட்டைப் பையோடு வீடு தேடி வந்துவிட்டுப் போயிருந்தது.

மறுநாளே விழுப்புரத்திலிருந்து போன். அன்புச்செல்வியின் வக்கீல் கலைப்பிரியா. "அவ தமிழ்லதான் படிச்சேன்னு சொல்றா சார். எழுதினது நீங்க. நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா கேஸ் நிக்கும். பயப்படாதீங்க, இவ்ளோ வருஷம் ஆன விஷயத்துக்கு பென்ஷன்ல கை வைக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் யோசித்தார். பென்ஷனுக்குப் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட இப்போது வழியில்லை. காணைக்காரர்கள் இனிமேல் பத்திரிகை கொண்டுவர மாட்டார்களே என்பதுதான் பயம். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டு, பால்காரனைத் திட்டியதைச் சொன்னார், மனைவியிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னார், பதிவேட்டைச் சொல்லவில்லை. சாமியார் மன்னித்தார். எதை மன்னித்தார் என்று அவருக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், தப்பு என்னுது சார் என்று சின்னக்கண்ணு எதிரில் நிற்கிறார். செய்தவன் இங்கே சோறு பிசைகிறான், செய்யாதவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. இறங்கவில்லை.

வக்கீல் அறையில் அன்புச்செல்வியும் சின்னக்கண்ணுவும் இருந்தார்கள். சாரைப் பார்த்ததும் சின்னக்கண்ணு எழுந்து துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டார். கலைப்பிரியா தட்டச்சு செய்த தாளை எடுத்தார்.

"அப்பா, நீ போயி டீ குடிச்சிட்டு வாயேன்" என்றாள் அன்புச்செல்வி.

"வேணாம்மா."

"போப்பா. ஜல்தி வந்துடலாம்."

"இருக்கட்டும்மா, அவரும் கேக்கட்டும்" என்றார் ராயப்பன் சார். உண்மையைச் சொல்ல வந்தாயிற்று, யாருக்கு ஒளிக்கவேண்டும் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அன்புச்செல்வி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அது எதற்கென்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

கலைப்பிரியா வாசித்தார். ஆங்கில வழி வகுப்பு ஒரு நாளும் நடக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பாடமும் எடுக்கவில்லை. என் பணியிடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்படி எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுச் சின்னக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "ஒன் மேல ஒரு தப்பும் இல்ல சின்னக்கண்ணு. எல்லாம் நான் பண்ணது. மன்னிச்சிடு."

சின்னக்கண்ணு மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. சாரை விட்டுவிட்டு மகளைக் கேட்டார்.

"அப்போ நீ இங்கிலீஷு படிக்கவே இல்லியாம்மா?"