பெயர் எழுதக் கட்டிய சுவர்

போன முகூர்த்தத்தில் கீழப்பாவூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவராம். படிக்கிறவர் என்றால் சும்மா இருப்பாரா? அவியலை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, ஒங்க மவ சென்னைல என்ன செய்யுதா?”

“பாலம் உடைக்குதா.”

அவர் கை சாம்பார் சோற்றிலேயே நின்றுவிட்டது. “கட்டுதாளா, உடைக்குதாளா?”

“உடைக்கத்தான் செய்யுதா. அதுக்கு டாக்டர் பட்டமும் குடுக்கப் போறாவ.”

பாவம் மனிதர், பாயசம் வரும் வரைக்கும் வாய் திறக்கவில்லை.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் மகள் குழல்வாய்மொழி — வீட்டில் குழலி — ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்கில் ஆராய்ச்சி செய்கிறாள். வெள்ளம், புயல், பூகம்பம் என்று எது வந்தாலும் கட்டடமும் பாலமும் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அவள் லேபில் எல்லோருக்கும் வேலை. ஒரு அறையில் குட்டிக் கட்டடங்களை இரும்பு மேசையில் நிறுத்தி, பூகம்பம் வந்த மாதிரி ஆட்டுகிறார்கள். குழலிக்குக் கிடைத்தது வெள்ளம். நீளமான கண்ணாடித் தொட்டி, அதில் சீறி ஓடும் தண்ணீர், நடுவே முழங்கை நீளத்தில் ஒரு பாலம். மேலிருந்து குச்சியும் வேருமாக மிதக்கவிடுவாள். பாலம் எந்த இடத்தில் முதலில் அசைகிறது என்று கேமரா வைத்துப் பார்ப்பாள்.

“இத்தனை பாலத்தை உடைக்கியே, மனசு கஷ்டமா இல்லையா?” என்று ஒருமுறை கேட்டேன். “இங்கன உடைஞ்சா யாருக்கும் அடிபடாதுல்லாப்பா” என்றாள். 

இந்த உடைப்பு வேலை சென்னையோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. போன சித்திரையில் அது எங்கள் ஊருக்கே வந்துவிட்டது!

மேலகரத்திலிருந்து உள்ளே திரும்பி, வயல்களைத் தாண்டினால் எங்கள் ஊர். ஊருக்கு முன்னால் ஒரு ஓடை, ஓடைக்கு மேல் ஒரு பாலம். குற்றாலத்தில் குளிக்கத் தடை என்று டிவியில் எழுத்து ஓடினால் போதும் — நாங்கள் கரையில் கட்டிய மாட்டை அவிழ்க்கக் கிளம்பிவிடுவோம். மலையில் கொட்டுகிற மழை அந்த வேகத்தில் ஓடைக்கு வந்து சேரும். தண்ணீர் மட்டுமா வரும்? மூங்கில், தென்னை மட்டை, வேரோடு பெயர்ந்த மரம் எல்லாம் வரும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் அந்தப் பக்கம். பாலம் போனால் ஊருக்கு வேறு வழி கிடையாது.

அந்தப் பாலத்தில் முதலில் ஓரமாகச் சின்னச் சின்னக் கற்கள்தான் நட்டிருந்தார்கள். ஒரு பால்காரர் சைக்கிளோடு ஓடைக்குள் விழுந்தார். ஆளுக்கு ஒன்றுமில்லை, பால்தான் போனது. ஆனாலும் ஊர் கூடியது. எங்கள் அப்பாதான் முன்னால் நின்று, “பாதுகாப்பா ஒரு தடுப்பு வைப்போம்” என்றார். அதிகாரிகளிடம் அனுமதி வாங்கியவரும் அவர்தான். வேலைக்கு வந்த கொத்தனார் இரும்புக் கம்பி போடலாம் என்றாராம்.

உடனே கூட்டத்தில் ஒரு குரல்: “கம்பில பேரை எங்கன எழுத?”

நியாயமான கேள்விதானே? பணம் போட்டவர் பெயர் தெரிய வேண்டாமா? நம் ஆட்களுக்கு நல்லது செய்கிற மனசு நிஜமாகவே பெரிது. ஆனால் அந்த மனசுக்குக் கீழே ‘உபயம்’ என்று போட ஒரு இடமும் வேண்டும்! பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் போடுகிறோம், கோயில் ஃபேன் இறக்கையில் போடுகிறோம், சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டியில்கூடப் போடுகிறோம். ஆக, பெயர் எழுதத் தோதாகப் பாலத்தின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கெட்டியான சுவர் எழும்பியது. முதல் பெயர், பெரிய எழுத்தில், எங்கள் அப்பா. சிமெண்டிலேயே செதுக்கி, ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்ட் அடிக்கிற பெயர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெயிண்டை அடிப்பது என் அண்ணன்.

சித்திரையில் லீவுக்கு வந்த குழலி, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். “அப்பா, மலையடிவாரத்துல உள்ள பாலம் சிலதைச் சரிபண்ண எங்க லேபும் கவர்மெண்டும் சேர்ந்து எடுத்திருக்கோம். நம்ம பாலமும் அதுல இருக்கு. அந்தச் சுவரை எடுக்கணும்.”

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டேன். “எந்தச் சுவரை?”

“தாத்தா பேரு இருக்குல்லா... அந்தச் சுவரைத்தான்.”

காரணத்தையும் சொன்னாள். வெள்ளம் பாலத்து மட்டத்துக்கு ஏறினால், மிதந்து வருகிற மரமும் மட்டையும் அந்தச் சுவரில் சிக்கும். சிக்கச் சிக்க அது அணைக்கட்டு ஆகிவிடும். தண்ணீருக்கு வழி இல்லை என்றால் என்ன செய்யும்? சுவரோடு சேர்த்துப் பாலத்தையே தள்ளும். கம்பி என்றால் இடைவெளியில் தண்ணீர் போய்விடும். அதிலும் இவள் போட நினைத்தது, வெள்ளம் வரும்போது கொக்கியைத் தட்டினால் தரையோடு படுத்துவிடுகிற கம்பி. மரம் வந்தாலும் மேலேறிப் போய்விடுமாம். கூடவே, பாலத்தின் மேல்தளத்தைத் தூண்களோடு இரும்பால் இறுக்கிப் பிணைப்பதும் திட்டத்தில் இருந்தது.

பஞ்சாயத்தில், உபயம் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் சம்மதித்தால் சரி என்றார்கள். எல்லோரும் சம்மதித்தார்கள்... ஒருவரைத் தவிர. யார் என்று சொல்ல வேண்டுமா?

என் அண்ணன் ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர். வேலையிலிருந்துதான் ரிட்டயர்டு, விசாரணையிலிருந்து இல்லை. மதினி குழம்பில் உப்பில்லை என்றால்கூட, எந்த நேரத்தில் போட மறந்தாய் என்று கேட்கிற மனிதர்.

பாலத்துக்கே வரச்சொல்லி, சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இத்தன வருசமா நிக்குது. இப்ப என்ன கேடு வந்துச்சு? சாட்சி இருக்காட்டி?”

“இருக்கு பெரியப்பா. கீழ இறங்கி வாங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். நடுத் தூணின் தலையில் பாலம் உட்கார்ந்திருக்கிற இடத்தை டார்ச் அடித்துக் காட்டினாள். ஒரு பக்கத்தில் புதுசாக, வெளிறிப்போன சிமெண்ட் தெரிந்தது. அவ்வளவு காலமும் பாலத்துக்கு அடியில் மறைந்திருந்த இடம் அது.

“முன்ன வந்த வெள்ளத்துலயே பாலம் தள்ளிப் போயிருக்கு பெரியப்பா. இன்னும் கொஞ்சம் தள்ளுனா தூணை விட்டு இறங்கிரும். அந்த நேரம் மேல யாரு நிப்பான்னு நமக்குத் தெரியாதுல்லா?”

அண்ணன் அந்த வெளிறிய இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். குனிந்து இன்னொரு தூணையும் பார்த்தார். அங்கேயும் அதே அடையாளம். சாட்சி கைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் மனசு கேட்க வேண்டுமே?

கரையேறியதும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “அதுக்கு, அப்பா பேரை நானே உடைக்கச் சொல்லவாலே?”

எனக்கும் அவர்தானே அப்பா? சின்ன வயதில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நின்று, “எங்கப்பா பாலம்” என்று பீற்றிக்கொண்டவன் நான்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். “சரிட்டி. எடு. ஆனா ஒண்ணு. நீ எடுத்த பொறவு பாலம் போச்சுன்னா, நீ இந்த ஊருக்குள்ள காலெடுத்து வைக்கப்படாது.”

“வைக்கமாட்டேன் பெரியப்பா” என்றாள் என் மகள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். “ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? மலைவெள்ளத்துக்கு யாராவது ஜாமீன் குடுப்பாவளா?”

“கணக்கு சரியா இருக்குப்பா.”

“கணக்கு சரியா இருந்தா போதுமா?”

“போதாதுதான். எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள். இத்தனை படித்த பிள்ளை அப்படிச் சொன்னதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சுவரை இடித்த அன்று, வேலையை மறுகோடியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார் அண்ணன். அப்பா பெயர் கடைசியாகப் போகட்டும் என்று. அதன் முறை வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சுவர் இருந்த இடத்தில் கம்பி வந்தது, மேல்தளத்தைத் தூண்களோடு பிணைத்தும் ஆயிற்று. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசவில்லை. மதினி மூலமாகத்தான் சேதி வரும், போகும்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாளாக மலை கண்ணிலேயே படவில்லை, அப்படி ஒரு மழை. ஒரு காலையில் குற்றாலம் மெயின் ஃபால்ஸ், அருவிக்கு முன்னால் இருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சையே மூடிக்கொண்டு கொட்டுகிறது என்று போனில் வீடியோ வந்தது. குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னால் அண்ணன் அங்கே நிற்கிறார்! கயிறு கட்டி ரோட்டை அடைத்து, பழைய போலீஸ் விசிலை ஊதிக்கொண்டு. கம்பிகளின் கொக்கியை ஒவ்வொன்றாகத் தட்டி, எல்லாவற்றையும் அவரே தரையோடு படுக்க வைத்திருந்தார். யாரும் அவரிடம் ஒப்படைக்காத வேலை அது.

குழலிக்கு வீடியோ கால் போட்டேன். “அப்பா, போனை ஆட்டாதீங்க” என்றாள். ஆடியது போன் இல்லை, நான்.

செம்மண் நிறத்தில் தண்ணீர் ஏறி, பாலத்தைத் தொட்டது. பிறகு பாலத்தின் மேலேயே ஓடியது. பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் வந்தது ஒரு மரம்... வேரும் கிளையுமாக முழு மரம். நேராக நடுத் தூணுக்கு மேலே வந்து மோதியது. காலுக்கடியில் கரை அதிர்ந்தது. வேர் பாலத்து விளிம்பில் மாட்டிக்கொண்டது. கரையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

பாலம் போனால்? ஊர் என்ன பேசும், தாத்தா பெயரை இடித்தவள் என்றுதானே பேசும்? அவளை எப்படி இந்த ஊருக்குக் கூட்டிவருவேன்? அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மரம் மெதுவாகத் திரும்பியது. பிடிக்க அங்கே சுவர் இல்லை. புரண்டது, பாலத்தின் மேலேயே வழுக்கியது, அந்தப் பக்கம் விழுந்து போயே போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் இறங்கியது. சேறும் சகதியுமாகப் பாலம் தெரிந்தது. நின்றது. போனில் விசும்பல் கேட்டது. “பெரியப்பா பாத்தாங்களாப்பா?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன். என் பிள்ளை போட்ட கணக்கு, ஒரு மலைக்குப் பதில் சொல்லிவிட்டது. இந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைக்க?

மறுநாள் ஓடை வடிந்ததும் அண்ணன் பாலத்துக்கு அடியில் இறங்கினார். விரலை விட்டு ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். “நகரலலே” என்றார் என்னிடம். மாசக்கணக்கில் பேசாத மனிதர் பேசிய முதல் வார்த்தை அது.

அதற்குள் பாலத்தைப் பார்க்க அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே லோக்கல் சேனல் தம்பி ஒருவர், மைக்கோடு. படுத்துக் கிடந்த கம்பிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்த டிசைன் யாரு சார் பண்ணது?” என்று கேட்டார்.

அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “எம் மவ. குழல்வாய்மொழி. எங்கப்பா பேத்தி.”

பெற்றவன் நான், குடையோடு பக்கத்திலேயேதான் நிற்கிறேன்... என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!