நெற்றிக்குப் பதினோரு விரற்கடை

முழங்கால் வலிக்காக வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண் காலைப் பத்து முறை நீட்டி மடக்கச் சொல்கிறாள். நான் பதினொன்று செய்கிறேன். நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? அவள் சிரிக்கிறாள். இதே மாதிரி எண்ணிக்கையில் பொய் சொன்ன காலம் எனக்கு உண்டென்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். எனக்கு எட்டு வயது. வரதராஜன்பேட்டையில் எங்கள் முந்திரிக் கொல்லையில் மூன்றாவது கிளையிலிருந்து விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டேன். ஆண்டிமடத்து வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, நான்கு மூங்கில் பத்தைகள் வைத்துக் கட்டினார். முப்பத்தொரு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் கை பாதிக்கு மேல் மடங்கவில்லை.

"அரியலூர் டேசன் கைகாட்டியாட்டம் நிக்கிறான் பாரும்மா, ரயிலு வரப்போவுது" என்றாள் அக்கா.

ரயில் வரவில்லை, புதுநன்மை வந்துகொண்டிருந்தது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்க முப்பத்தாறு நாட்களே இருந்தன. சிலுவை அடையாளம் போட வலது கை நெற்றியைத் தொட வேண்டும். இடது கை விரல்களால் அளந்து பார்த்தேன். பதினோரு விரற்கடை இடைவெளி. கை எட்டாவிட்டால் என்னை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன்.

ஒருநாள் அப்பா இல்லாத நேரத்தில் பெரியப்பா வந்தார். "எண்ணெயப் போட்டு ஒரே இழுப்பு, சரியாப் போயிடும்" என்று கையைப் பிடித்து மடக்கினார். முழங்கை வீங்கியது. இடைவெளி பதினான்கு ஆனது.

அப்பா என்னை வண்டியில் வைத்து ஆண்டிமடத்துக்கு அழைத்துப் போனார். வைத்தியர் வீக்கத்தைப் பார்த்து அப்பாவிடம்தான் கோபித்துக்கொண்டார்.

"அடுத்தவன் கை படவே கூடாதுங்க. உருவக் கூடாது, இழுக்கக் கூடாது. வீக்கம் வத்தினதும் அவனா மடக்கணும். வலி எட்டிப் பாக்குற எடத்துல செத்த நிறுத்தி, மெல்ல எறக்கணும். காலையில இருவது, சாயந்தரம் இருவது."

ஐந்தாம் நாள் வீக்கம் வற்றியது. நான் மூன்று முறை மடக்குவேன். வலி எட்டிப் பார்ப்பதற்கு முன்பே நான் அதை எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன்.

"எல்லாம் மடக்கிட்டியா தம்பி?" என்பார் அப்பா.

"இருவதும் ஆயிடுச்சுப்பா."

இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. அன்று மாலைதான் அவருக்குத் திடீரென்று பக்தி முற்றியது.

எங்கள் வீட்டுச் செபத்தில் அதுவரை நான்கு சிலுவைகள்தான். அன்றிலிருந்து எட்டு வேண்டுதல்கள் சேர்ந்தன. மழைக்கு, பர்மாவுக்குப் போனவர்களுக்கு, சினைப் பசுவுக்கு, பெரியப்பாவின் கடைவாய்ப் பல்லுக்குக்கூட. ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு சிலுவை, முடிவில் ஒரு சிலுவை. ஆக இருபது. காலைச் செபத்திலும் அப்படியே.

"சோறு ஆறுதுப்பா" என்றாள் அக்கா.

"பசுமாட்டுக்கு வேண்டிக்கலன்னா பாலு எங்கேருந்து வரும்? கையத் தூக்கு."

அப்பாவிடம் பொய் சொல்லலாம். சிலுவையில் முடியாது; தெரிந்தே அரைகுறையாகப் போட்டால் பாவம் என்று கோயிலில் எங்களுக்கு ஞானபாடம் நடத்திய உபதேசியார் சொல்லியிருந்தார். அதனால் வலி தெரியும்வரை உயர்த்தினேன். அப்பாவோ நெற்றியில் வைத்த விரல்களை எடுக்காமல் கண்மூடி நிற்பார். என் கை நின்று இறங்கிய பிறகே அவர் கையும் இறங்கும். பக்தியில் தம்மை மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

பதினான்கு பத்தானது. பத்து ஆறானது. நான்கில் ஆறு நாள் நின்று என்னை அழவைத்தது. புதுநன்மைக்கு மூன்று நாள் முன்பு, பசுவுக்கான வேண்டுதலின்போது என் நடுவிரல் நெற்றியில் பட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் நிறுத்தாமல் மீதி வேண்டுதல்களைச் சொல்லி முடித்தார்.

புதுநன்மை முடிந்தது. வைத்தியரிடம் கையைக் காட்டி, போதும் என்று சொல்லக் கேட்டு வந்த அன்று மாலை செபத்தில் மழையும் இல்லை, பர்மாவும் இல்லை. பசு இன்னும் கன்று ஈனவே இல்லை. எண்ணினேன். நான்கே சிலுவைகள்.

எனக்குப் பெருங்கவலை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குப் பக்தி குறைந்துவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் பின்தங்கி, அவருக்காக ஐந்தாவதாக ஒரு சிலுவை போட்டேன், நெற்றியில் நன்றாகப் படும்படி.