கட்டிச் சுண்ணாம்பும் என் அக்காவும்

தோட்டத்தில் என் அக்காவுக்குச் சுள்ளி என்று பெயர். சட்டென்று பற்றிக்கொள்வாள். பதினெட்டு வருடமாக அந்தப் பழத்தோட்டத்துக்குச் சுண்ணாம்பு நீற்றுவது அவள்தான். புளித்த மண்ணில் தூவவும், அடிமரத்தில் பூசவும், பூஞ்சைக்கு அடிக்கும் மயில்துத்தக் கலவையில் சேர்க்கவும் அவள் நீற்றியதுதான் போகும்.

சூளையில் சுட்டு வரும் கட்டி வெறும் கல் மாதிரி சாதுவாக இருக்கும். நம்பினால் தொலைந்தோம். தண்ணீர் பட்டால் கொதிக்கும், தோலைத் தின்னும். அதனால் அக்கா முதலில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக இறக்குவாள். கொதித்து அடங்க அரை நாள் விடுவாள். யார் அவசரப்படுத்தினாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அவள் வராத ஒரு நாள், மழைக்கு முன்னால் மருந்தடிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளன் என்னைப் பிடித்தான். நான் காய் பறிக்கிறவன், சுண்ணாம்பைத் தொட்டதே இல்லை. காலித் தொட்டியில் கட்டிகளைக் குவிக்கச் சொல்லி, "மேல தண்ணிய ஊத்துடா, சீக்கிரம்!" என்றான். ஊற்றினேன். வெடித்து முகத்தில் அடித்தது. இடது கண் போயே போய்விட்டது.

அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? எல்லாம் என் அலட்சியம் என்று எழுதி, என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தான். முதலாளி தாளோடு தொட்டியடிக்கு வந்து விசாரித்தார்.

"இது இப்படிப் பொங்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? இவனா ஊத்திக்கிட்டான்" என்றான் வாய் கூசாமல்.

அக்கா நாலு கட்டிகளைக் காலித் தொட்டியில் போட்டாள். தண்ணீர் வாளியை அவனிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. ஊத்துங்க சார்."

"ஏய், விளையாடாத!"

"சரி, நானே ஊத்தறேன்."

வாளியைத் தூக்கினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்குள் அவன் முழங்கையை மடக்கி இரண்டு கண்களையும் மூடிக்கொண்டான்.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "இப்ப எதுக்குய்யா மூடின? அன்னைக்கு என் தம்பிகிட்ட, கண்ண மூடிக்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா போயிருக்கும்?"

முதலாளி தாளைக் கிழித்துப் போட்டார். என் வேலை நிலைத்தது. கோபம் தீர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அவனுக்கு இன்னும் இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன.