கலுங்கில் உதறிய துண்டு

எங்கள் கண்மாயில் மீன் பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு என்பதை, ஜில்லா போர்டு ஒட்டிய நோட்டீசைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி, ஒரு பங்குனி மாதம், மடைச் சுவரில் அதை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பொது நீர்நிலையில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க இறங்குகிறவர்கள் தலைக்கு ஓரணா கட்டி டிக்கெட் வாங்க வேண்டும். ஊத்தா கொண்டுவந்தால் அதற்கு அரையணா தனி. ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் பின்னிய அடியில்லாத கூடை. அதைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுப்போம். அந்தக் கூடைக்கும் பொழுது போகும் என்று போர்டில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் அப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். மீன்பிடிக்காக லீவு சொல்லிவிட்டு, சமயநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து ஊருக்கு வந்திருந்தேன். நோட்டீசை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார்கள், படித்தேன். என் அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "நமக்குப் பொழுது போகலைன்னு எவன்டா இவங்கள்ட்டப் போயிச் சொன்னது?" என்றார்.

அப்பாதான் ஊருக்கு அம்பலம், ஊர்த்தலைவர். அதாவது, கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றும் நாளில் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்கின் மேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டியவர். அந்தத் துண்டு கீழே இறங்கும் வரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வருஷம் முழுக்க மீன் கண்ணெதிரே துள்ளினாலும் யாரும் தொட மாட்டார்கள். மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளைகூட அந்த விஷயத்தில் ஒழுங்காக இருப்பான். துண்டு இறங்கியதும் ஊரே இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. எல்லா வீட்டிலும் அன்றைக்கு மீன் குழம்பு கொதித்தாக வேண்டும். துண்டு வீசுகிறவர் மட்டும் கடைசி வரை கரையிலேயே நிற்க வேண்டும். அவர் காலடியில் ஒரு கூடை இருக்கும். பிடித்தவர்கள் கரையேறும்போது ஆளுக்கொரு மீனை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அதுதான் துண்டுப் பங்கு. அப்பா மீன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில்தான் அன்று ஊரிலேயே பெரிய சட்டி அடுப்பேறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களத்துமேட்டுக்கு அந்தப் பக்கம் பண்ணையாட்களின் குடிசைகள் இருந்தன. மற்ற நாளில் நாங்கள் குளிக்கிற துறையில் அவர்கள் கால் வைக்க முடியாது. துண்டு இறங்கும் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் ஒரே சேற்றில் புரளலாம். மேலே ஒட்டிய சேறு காய்வதற்குள் அந்தச் சமத்துவம் முடிந்துவிடும் என்பது வேறு விஷயம். அதை முடித்து வைக்கிறவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் சீர்திருத்தக்காரர் இல்லை. ஆனால் நோட்டீசைக் கேட்ட அன்று அவருக்கு முதலில் உறுத்தியது அந்தக் குடிசைகள்தான். ஓரணாவுக்கு ஒரு பொம்பளை அரை நாள் குனிந்து களை எடுக்க வேண்டும், அவள் எங்கே போவாள் என்று கேட்டார். இரண்டாவதாகத் தன் துண்டு உறுத்தியது. துண்டு வீசியும் டிக்கெட் இல்லாதவன் இறங்கக் கூடாது என்றால் துண்டுக்கு என்ன மரியாதை? எது அதிகம் உறுத்தியது என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஊர்க்கூட்டத்தில் அவர் சொன்ன யோசனை சுலபமானது. டிக்கெட் விற்க ஆள் வரட்டும். நாம் சண்டை போட வேண்டாம், டிக்கெட்டும் வாங்க வேண்டாம். அவர் துண்டு வீச மாட்டார், அவ்வளவுதான். துண்டு இறங்காத கண்மாயில் யார் இறங்குவார்கள்? யாரும் இறங்காத கண்மாய்க்கு எதற்கு டிக்கெட்? வந்தவர் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார், நாலு நாள் கழித்து நாம் பிடித்துக்கொள்வோம். "என் துண்டு எறங்காம ஒரு பய தண்ணியத் தொட மாட்டான்" என்றார். மாட்டோம் என்று ஊரே தலையாட்டியது. அன்றிரவு அப்பா நன்றாகத் தூங்கினார்.

டிக்கெட் விற்க வந்தவர் மதுரையிலிருந்து போர்டு அனுப்பிய ஒரு குமாஸ்தா. ஒல்லியான மனிதர், நெற்றியில் திருநீறு, தோளில் வெள்ளை அங்கவஸ்திரம், கையில் குடை. மீன் வாசனையே ஆகாத சைவக்காரர். போர்டுக்கு இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கரை முழுக்க ஊத்தாவும் வலையுமாக ஜனம் நின்றது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்துகூட உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமாகப் போய் டிக்கெட் வேண்டுமா என்று கேட்டார். நாங்கள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தோம் என்று எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். அத்தனை பேர் இடுப்பிலும் மீன் போடும் பறி தொங்கியது. அப்பா கலுங்கில் ஏறவில்லை. காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் அழுத்திப் போட்டுக்கொண்டு, கரையில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

வெயில் ஏறியது. குமாஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. யாராவது திருட்டுத்தனமாக இறங்கினால் பார்த்துப் பிடிக்க வசதியாக உயரமான இடம் ஒன்றைத் தேடினார். எங்கள் கண்மாயில் உயரமான இடம் ஒன்றுதான், கலுங்கு. குடையை ஊன்றி மேலே ஏறி நின்றார். கழுத்தில் கட்டெறும்போ என்னமோ கடித்திருக்கிறது. அங்கவஸ்திரத்தை உருவி, காற்றில் ஓங்கி உதறினார்.

அவ்வளவுதான். கலுங்கின் மேல் ஒரு ஆள், கையில் வெள்ளைத் துணி, துணி மேலே போய்க் கீழே வந்தது. இருநூறு வருஷப் பழக்கம் ஆளைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தது. 'ஓ' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் கரை காலியாகிவிட்டது. குமாஸ்தா டிக்கெட், டிக்கெட் என்று கத்தியது அவர் காதுக்கே கேட்டிருக்காது. நானும் இறங்கிவிட்டேன். இதில் தப்பு சரி யோசிக்க நேரமே இல்லை, கால் போய்விட்டது. முழங்கால் அளவு சேற்றில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், கரையில் அப்பா தனியாக நிற்பது தெரிந்தது. துண்டு தோளிலேயே இருந்தது.

அந்த வருஷம் மீன் அள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு இருந்தது. விராலும் கெளுத்தியுமாகப் பறி நிறைந்து கரையேறியவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. பங்கு மீனை யாருக்குப் போடுவது? துண்டை வீசியவருக்குத்தானே பங்கு? முறை என்றால் முறை. அவனவன் ஒரு மீனைக் கொண்டுபோய்க் கலுங்கில் குமாஸ்தாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். துள்ளுகிற மீன் குவியலுக்கு நடுவில் அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காலை மாற்றி மாற்றி ஒற்றைக்காலில் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் காலிக் கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

டிக்கெட் ஒன்றுகூட விற்கவில்லை. ஊர் நினைத்தது நடந்தது. அப்பா ஜெயித்துவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரைத் தவிர. சாயங்காலம் நாலைந்து பேர் கொல்லைப்புறமாக மீன் கொண்டுவந்தார்கள். அப்பா வாங்க விடவில்லை. "நான் எறக்கிவிட்ட ஆளு கொண்டாந்தாத்தேன் அது பங்கு. இது பிச்சை" என்றார். நான் பிடித்த மீனையும் தொடவில்லை. அம்மா அரைத்து வைத்த மசாலாவில் கத்திரிக்காயைப் போட்டுக் கொதிக்கவைத்தாள். ஊரெல்லாம் மீன் வாசம். எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. அந்த ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கிவிட்டது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தது. போன தடவை மீன் அம்புட்டு கிடைத்ததற்கும் இந்தத் தடவை மழை இம்புட்டு பெய்ததற்கும் ஊர் ஒரே காரணத்தைக் கண்டுபிடித்தது. குமாஸ்தாவுக்குக் கைராசி. திருநீறு பூசிய, கவிச்சி தொடாத, சுத்தமான கை. அடுத்த பங்குனியில் அவரையே அழைத்து வந்து துண்டு வீசச் சொல்வது என்று தீர்மானமாயிற்று. வெளியூர்ப் பெரிய மனிதரை அழைக்கப் போகும்போது வெற்றிலைத் தட்டைத் தூக்க வேண்டியவர் அம்பலம். தட்டை அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். முறையில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

குமாஸ்தா நல்ல மனிதர், ஆனால் உத்தியோகஸ்தர். போன தடவை டிக்கெட் விற்காததற்கு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும், எல்லாரும் டிக்கெட் வாங்கினால் வருவதாகவும் சொன்னார். அதற்கென்ன, நல்ல கைக்குக் கொடுப்பது கோயிலுக்குப் போடுகிற மாதிரிதானே என்றார்கள் எங்கள் ஆட்கள். பொழுதுபோக்குக்கு ஓரணாவா என்று போன வருஷம் கொதித்தவர்கள், கைராசிக்கு ஒன்றரை அணாவைச் சந்தோஷமாக எடுத்துவைத்தார்கள். குடிசைக்காரர்களுக்கு யார் கட்டுவது என்று அப்பா கேட்டார். காணிக்கையை அவனவன் கையால் கொடுத்தால்தான் பலிக்கும் என்று பதில் வந்தது. பக்தியில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

அந்த நாளும் வந்தது. நான் அப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினேன். இனிமேல் கரையில் நிற்க வேண்டியதில்லை, ஒரு தடவையாவது இறங்கட்டும் என்று நினைத்தேன். மறுக்காமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். ஆனால் பழைய கூடையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். குமாஸ்தா புது அங்கவஸ்திரத்தோடு கலுங்கில் ஏறினார். இந்தத் தடவை எறும்பு கடிக்காமலே வீசினார். ஊர் இறங்கியது. டிக்கெட் இல்லாத குடிசை ஜனம் கரை ஓரமாக, ஊத்தாவைத் தரையில் வைத்துவிட்டு நின்றது. அவர்களோடு அப்பாவும் நின்றார்.

நான் தண்ணீர் விளிம்பிலிருந்து கூப்பிட்டேன். "ஏப்பா, எறங்கலையா?"

"நாந்தேன் இன்னும் துண்டு வீசலையேடா" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

தோளிலிருந்த துண்டை உருவினார். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். கலுங்கு இல்லை, உயரம் இல்லை, வெறும் கரைமேட்டில் நின்றபடி துண்டை ஓங்கி வீசிக் கீழே இறக்கினார். முதலில் ஒரு கிழவி ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் இறங்கினார்கள்.

குமாஸ்தா டிக்கெட் புத்தகத்தோடு கலுங்கிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் கரையில் அப்பாவைத் தவிர ஆள் இல்லை. அப்பா மடியிலிருந்த டிக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நான் எறங்கலை. காசத் திருப்பிக் குடுங்க."

குமாஸ்தா அப்பாவையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டு ஓரணாவை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் தங்கள் பங்கு மீனைக் கலுங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். கிழவியும் அவளோடு இறங்கியவர்களும் நேரே அப்பாவிடம் வந்து கூடையில் போட்டார்கள். பெரிய விரால் எல்லாம் ஏற்கெனவே மற்றவர்களின் பறிக்குப் போயிருந்தது. குரவையும் அயிரையும்தான், கூடை பாதிகூட நிறையவில்லை. அதை வழக்கமாகத் தூக்கிவர ஒரு ஆள் இருப்பான். அன்று அப்பாவே தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுப்படி வாசலில் கூடையை இறக்கி வைத்தார். அம்மா, அரிந்து தண்ணீரில் போட்டு வைத்திருந்த கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு போய் மாட்டுத்தொட்டியில் கொட்டினாள்.