மழுங்கடித்த கத்தி

ஊரே அவரைச் சாணைக்காரர் என்றுதான் கூப்பிடும். இத்தனைக்கும் சாணைச் சக்கரத்தை மனுஷன் தொட்டதே இல்லை. வீட்டு முன்னறைதான் கடை. சொரசொரப்பாக ஒரு கல், வழவழவென்று ஒரு கல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சும்மா சொல்லக்கூடாது, அவர் கை பட்ட கத்தியைப் பார்த்தாலே தக்காளி தானாக வழிவிடும். ஆனால் தீட்டிய விளிம்பில் பிசிறு நிற்கிறதா என்று விரல் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர் மனைவி. "இன்னும் உறுத்துதுங்க" என்று அவள் சொல்லிவிட்டால், மறுபேச்சு கிடையாது, கத்தி மறுபடி கல்லுக்குப் போகும்.

அந்த மகராசிக்குத்தான் நினைவு தப்ப ஆரம்பித்தது. பெயர்கள் போயின, வழி போயிற்று. காய் நறுக்குவது மட்டும் போகவில்லை. பீன்ஸைக் கொடுத்து உட்கார வைத்தால் முகம் தெளிந்துவிடும். பாழாய்ப்போன விதி, விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள்.

"கத்திய ஒளிச்சு வைங்கப்பா" என்றாள் மகள், அம்மாவின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே.

"ஒளிச்சுப் பாத்துட்டேம்மா. நாள் முழுக்க அழுதா. அவளுக்கு மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"அப்ப மொக்கையாக்கிடுங்க."

வேறு வழி? கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பைச் சொரசொரப்புக் கல்லில் வைத்துத் தேய்த்தார். அந்தச் சத்தம் அவர் காதுக்கே நாராசமாக இருந்தது. அவள் விரல் ஓட்டிப் பார்ப்பாள் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பீன்ஸ் நறுங்கவில்லை, நசுங்கியது. கத்தியைத் திருப்பி விரலை ஓட்டியவள், விறுவிறுவென்று முன்னறைக்கு வந்தாள்.

"இத இந்தக் கதிக்கு ஆளாக்கினது நீங்கதானா?"

"நான்தான்."

"தொழில் தெரியாதவங்க எதுக்குக் கல்லுல கை வைக்கணும்? என் வீட்டுக்காரர் பாத்தா நொந்துபோயிடுவார்."

மகள் சொன்னதெல்லாம் மறந்துபோய்க் கையை நீட்டினார். "கொடு, இப்பவே சரி பண்ணித் தரேன்."

அவள் கத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "ஐயோ, வேணாம் சாமி! நீங்க கெடுத்தது போதும். அவர் வந்துடுவார், அவர்கிட்டயே கொடுத்துக்கறேன்." பிறகு குரல் தணிந்தது. "அவர் வர்ற வரைக்கும் இங்க உக்காந்துக்கட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து 'வா, போ' என்று மட்டுமே அவளைக் கூப்பிட்டுப் பழகியவர், "உக்காருங்கம்மா" என்றார்.