படத்தை விற்றேன், கதையும் போனது

“இஞ்சரும், எவளோ ஒரு வெள்ளைக்காரி கப்பல் ஏறினாளோ இல்லையோ எண்டு தெரியாததுக்கு, மூண்டு நாளா நான் பருப்பும் சோறும் தின்ன வேணுமோ?”

இது என் கணவர். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

பழைய பத்திரிகைப் படம் விற்கிறவள் கத்தரிக்கோலைப் பிடிக்கலாம், கதையை மட்டும் வாசிக்கக் கூடாது. ஜாஸ் இசைக்கு இந்த லண்டன் ஆடித் தீர்த்த காலத்து இதழ்களைக் கட்டுக் கட்டாக வாங்கி, படங்களை வெட்டி, மட்டை வைத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கிறேன். பாதிக் கதையில் அடுப்பு கூப்பிட்டு எழுந்து போன பெண்களே, உங்களுக்குத்தான் என் வருத்தம் விளங்கும்.

தலைவெட்டு

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் சலூன் நடத்தும் பெண் ஒருத்தி, பாரிஸில் இருந்துவிட்டு வந்தவள், ஓர் அட்டைப்படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள். கழுத்தோடு வெட்டிய மயிர், முழங்கால் தெரியும் சட்டை, கையில் நீளமான சிகரெட் குழல். சிஸ்டர்மார் அடிமட்டம் வைத்துப் பாவாடை அளந்த கொன்வென்ற்றில் படித்தவள் நான். இந்தப் படத்துக்காரிகளை மேசையில் பரப்பும்போதெல்லாம் எனக்கொரு குதூகலம்! “நூறு வருசத்துக்கு முந்தின தலைவெட்டு” என்றேன்.

“சும்மா போங்கோ அக்கா! போன கிழமைதான் புது ஸ்டைல் எண்டு சொல்லி ஒரு பிள்ளைக்கு இதை வெட்டி விட்டனான்.”

அசல்

படம் அசலா என்று பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும். பின்னால் கதையோ சோப்பு விளம்பரமோ இருந்தால் அசல். வெறுமையாக இருந்தால் நேற்று அடித்த பிரதி. இதை ஒரு வெள்ளைக்காரருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு அவர் சொன்னது:

“நல்லது. ஆனால் பின்பக்கம் யாரும் அச்சடிக்காத, சுத்தமான அசல் ஒன்று இருக்கிறதா?”

மேபல்

வெட்டி மிச்சமான தாள்களைச் சனிக்கிழமை இரவு குப்பையில் போடப் போனவள், நின்றபடியே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். தொடர்கதை. மேபல் ஒரு டைப்பிஸ்ட். கல்யாணம் பேசியிருப்பது வங்கிக் குமாஸ்தாவோடு. மனம் போயிருப்பது அமெரிக்காவுக்குக் கப்பலேறும் சாக்ஸபோன்காரனோடு. சோறு அடிப்பிடித்தது தெரியாமல் ஏழு இதழ் வாசித்தேன். கடைசி இதழில் கப்பல் சங்கு ஊதுகிறது, மேபல் பெட்டியோடு ஓடி வருகிறாள்... அடுத்த தாளைக் காணோம்!

மறுநாள் காலை சந்தையில், பக்கத்து மேசையில் மணிக்கூடு விற்கும் சிவம் அண்ணையிடம், “எந்தக் கள்ளனோ கடைசித் தாளை வெட்டிப்போட்டான்” என்று கத்தினேன். அவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதை நிறுத்தவில்லை.

“கள்ளன் இல்லைப் பிள்ளை, நீர்தான். ஒரு காலைக் கப்பல் படியிலயும் ஒரு காலைக் கரையிலயும் வைச்சுக்கொண்டு ஒருத்தி நிப்பாளே, அந்தப் படம். தெற்கு லண்டன் மோர்டனில இருந்து வந்த தமிழ்ப் பிள்ளைக்கு நீர்தானே வித்தனீர்.”

மோர்டன்

கதையின் முடிவு அந்தப் படத்தின் முதுகில்! விற்றபோது வாங்கி வைத்த அவளின் நம்பர் இருந்தது. போனைப் போட்டேன். “தங்கச்சி, படத்தைக் கழட்டிப் பின்பக்கத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. அவள் ஏறினவளோ, நிண்டவளோ?”

“பின்பக்கமோ? சுருங்காமல் இருக்கட்டும் எண்டு என்ரை மனுசன் பலகையில பசை பூசி ஒட்டிட்டார் அக்கா. முன்னுக்குத்தானே வடிவு!”

பழந்தாளில் பசையைக் கழற்ற, கேத்திலில் தண்ணீர் கொதித்து வரும் ஆவி போதும். எத்தனையோ தாளை அப்படி எடுத்திருக்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீலச் சரி இரண்டு விழுந்தது, பதில் இல்லை. மறுநாளும் எழுதினேன். அதே நீலம்.

ஆயிரம் முடிவுகளை அக்கறையில்லாமல் வெட்டி விற்றவளுக்கு ஒரே ஒரு முடிவு வேண்டியிருக்கும்போது, அது யாரோ ஒருவர் வீட்டு முன்னறை ஹோலில் சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது.

இன்று காலை அனுப்பியது: “தங்கச்சி, கேத்திலும் நானே கொண்டு வாறன். தாள் கிழியாது, நான் பொறுப்பு. பத்து நிமிசம் உங்கட ஹோலுக்குள்ள விடுங்கோ.”